பித்தளை பிரஷர் ரெகுலேட்டர்: ஷவருக்காக வாங்குனேன், அது காட்டிக் குடுத்தது வேற எதையோ

5 ஸ்டார்ல 4 குடுக்கறேன். ஆனா எதுக்காக வாங்குனேனோ அந்த வேலைய இது செய்யவே இல்ல. அப்புறம் எதுக்கு 4ன்னு கேப்பீங்க, அதுக்குத்தான் இவ்ளோ நீளம். ட்ரெய்லர் (கார் பின்னாடி கட்டி இழுத்துட்டு போற வீடு) ஷவர்ல தண்ணி நூல் மாதிரி வருதுன்னு புலம்பிட்டு இருக்கவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க, நான் அலைஞ்ச அலைச்சல் உங்களுக்கு மிச்சமாகும்.

சாமான் என்னன்னா, டிராவல் ட்ரெய்லர கேம்ப்கிரவுண்ட்ல நிறுத்தி வெளிக்குழாய்ல இருந்து கனெக்ஷன் எடுக்கறப்ப, குழாய்க்கும் ஹோஸுக்கும் நடுவுல மாட்டற வாட்டர் பிரஷர் ரெகுலேட்டர். பித்தளை பாடி, நாமளே திருகி கூட்டிக் குறைச்சுக்கற டைப்பு, பக்கவாட்டுல ஒரு கேஜ், அதாவது அழுத்தத்த முள் வச்சு காட்டற மீட்டர். பிராண்ட் பேரு போடல, இதே அச்சு சாமான் வேற வேற பேர்ல வந்துட்டே இருக்கு, பெட்டி கலர் மட்டும்தான் மாறுது, அதனால இந்த டைப்புக்கே எழுதுன ரிவ்யூன்னு வச்சுக்கோங்க.

கதை எங்க ஆரம்பிச்சதுன்னா, போன சீசன் கடைசில ஒரு நாள் காலைல பொண்ணு தலை முழுக்க ஷாம்பு போட்டுட்டு ஷவருக்குள்ள இருந்து கத்துறா, "அப்பா, தண்ணி நின்னுடுச்சுப்பா!" ஓடிப்போய் பாத்தா நிக்கல, வருது, ஆனா சொட்டு சொட்டுன்னு சொல்றதா கயிறுன்னு சொல்றதான்னு தெரியாத அளவுக்கு. அந்தப் பக்கம் சிங்க்ல என் மனைவி குழாய திறந்து வச்சிருக்காங்க. "நான் ஒரு டம்ளர் கழுவத்தாங்க திறந்தேன்"ங்கறாங்க. அத மூடுனதும் ஷவருக்கு கொஞ்சம் உயிர் வந்துச்சு, அதுவும் கொஞ்சம்தான். ஒரு டம்ளர் கழுவ முடியாதுன்னா அது என்ன பிளம்பிங்.

அப்போ என்கிட்ட இருந்தது ட்ரெய்லர் வாங்கறப்பவே கூட வந்த ரெகுலேட்டர். பெரும்பாலானவங்ககிட்ட அதுதான் இருக்கும், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பித்தளை உருளை, கேஜ் கிடையாது, திருகு கிடையாது, ஃபேக்டரில 40 பிஎஸ்ஐலயோ (பிஎஸ்ஐங்கறது அழுத்தத்த அளக்கற அலகு) 50லயோ செட் பண்ணி அனுப்பிடுவாங்க. குத்தவாளி இதுதான்னு முடிவு பண்ணிட்டு பெருசா ஒன்ன வாங்கிட்டேன். இங்கதான் நான் முட்டாளானேன். ஏன்னா ரெகுலேட்டர்ங்கறது பிரஷர கொடுக்கற சாமானே இல்ல, குறைக்கற சாமான். உள்ள ஒரு ஸ்ப்ரிங்கு, ஒரு டயாஃப்ரம் (வளையற சவ்வு), ஸ்ப்ரிங் வால்வ திறக்கப் பாக்கும், வெளிய போற தண்ணியோட அழுத்தம் அத மூடப் பாக்கும், ரெண்டும் சமமாகற இடம்தான் செட்டிங். திருகை உள்ள இறுக்குனா ஸ்ப்ரிங்குக்கு பலம் கூடும், அழுத்தம் கூடும். ஆனா எவ்ளோ இறுக்குனாலும் குழாய்ல வர்றதுக்கு மேல ஒரு சொட்டு கூட ஏறாது. ஷவர்ல பிரஷர் கம்மியா இருக்கு ரெகுலேட்டர் வாங்குவோம்னு கிளம்பறது, சம்பளம் பத்தல உண்டியல் வாங்குவோம்ங்கற மாதிரி.

இருந்தாலும் என் தப்புல பாதி சரியும் இருந்துச்சு. பிரஷர் வேற, ஃப்ளோ (நிமிஷத்துக்கு எவ்ளோ தண்ணி ஓடுதுங்கறது) வேற, இத மண்டைல ஏத்திக்கிட்டாதான் மத்தது எல்லாம் புரியும். எல்லா குழாயும் மூடியிருக்கறப்ப ஊசி ஓட்டை வழியா கூட 50 பிஎஸ்ஐ வந்து நிக்கும், ஏன்னா தண்ணி ஓடல, ஓடாத தண்ணிக்கு நஷ்டமே கிடையாது. குழாய திறந்ததும்தான் அந்த ஊசி ஓட்டை தன் புத்திய காட்டும். அந்த சின்ன உருளை ரெகுலேட்டருக்குள்ள வழி ரொம்ப குறுகல். பிரஷர் சரியாத்தான் காட்டும், தண்ணிதான் வராது.

பெட்டிய பிரிச்சா, கைல எடுத்ததுமே கனம் தெரியுது, நல்ல கனம், அது பின்னாடி ஒரு தொல்லையாவும் ஆச்சு, வர்றேன். உள்ள போற பக்கம் ஒரு சல்லடை வாஷர், எக்ஸ்ட்ரா ரெண்டு ரப்பர் வாஷர், ஒரு டெஃப்ளான் டேப்பு. ஈயம் இல்லாத பித்தளைன்னு போட்டிருந்துச்சு, குடிக்கற தண்ணி இது வழியாத்தான் போகுதுங்கறதால வாங்கறப்ப அத மட்டும் ஒரு தடவ பாத்துக்கோங்க. கேஜ் இருக்கற இடம் ரெகுலேட்டர் தாண்டி வெளிய போற பக்கம், அதாவது குழாய்ல எவ்ளோ வருதுன்னு காட்டாது, ட்ரெய்லருக்கு எவ்ளோ போகுதுன்னுதான் காட்டும். இது தெரியாம மொத நாள் நான் அத பாத்துட்டு "இந்த கேம்ப்கிரவுண்ட்ல 45தான் வருது போல"ன்னு வீட்டம்மாகிட்ட பெரிய மனுஷன் மாதிரி சொல்லிட்டு இருந்தேன். 45 அவங்க ஃபேக்டரி செட்டிங். என்கிட்ட இருந்த தனி கேஜ நேரா குழாய்ல மாட்டிப் பாத்தா 85. வீட்டு பிளம்பிங்லயே 80க்கு மேல போனா ரெகுலேட்டர் போடணும்னு விதி வச்சிருக்காங்க, அப்போ பிளாஸ்டிக் நட்டும் பிளாஸ்டிக் வால்வுமா இருக்கற ட்ரெய்லருக்கு 85ங்கறது விளையாட்டு இல்ல.

செட் பண்றதுல ஒரு சூட்சுமம் இருக்கு, கூட வந்த துண்டுச்சீட்டுல இத சொல்லவே இல்ல. கூட்டணும்னா பிரச்சனை இல்ல, திருகுனா முள் ஏறும். குறைக்கணும்னு திருகை வெளிய எடுத்தா முள் அசையாது, அங்கயே நிக்கும், நீங்க இன்னும் எடுப்பீங்க, இன்னும் எடுப்பீங்க, அப்புறம் யாராவது குழாய திறந்தா படக்குன்னு 20க்கு விழும். ஏன்னா உள்ள அடைபட்ட தண்ணிக்கு போக வழி இல்ல. அதனால ஒரு குழாய லேசா ஓடவிட்டு செட் பண்ணுங்க, அப்புறம் மூடி பாருங்க, மூடுனதும் சில பிஎஸ்ஐ ஏறும், அது சகஜம். நான் மூடுன நிலைல 50 வச்சிருக்கேன். 40ல இருந்து 60க்குள்ளதான் எல்லாரும் வச்சுக்கறாங்க, உங்க ட்ரெய்லர் மேனுவல்ல அதிகபட்சம் எவ்ளோன்னு போட்டிருந்தா அதுதான் சட்டம்.

சரி, பக்கெட் டெஸ்ட். இது காசு செலவில்லாத டெஸ்ட், யாரும் செய்யறதில்ல. ஹோஸோட மறுமுனைய ட்ரெய்லர்ல மாட்டாம 10 லிட்டர் பக்கெட்ல விட்டு போன்ல டைம் பாத்தேன். ரெகுலேட்டரே இல்லாம 22 செகண்ட். பழைய உருளை ரெகுலேட்டரோட 75 செகண்ட். புதுசு போட்டு 30 செகண்ட். கணக்கு போட்டா பழசுல நிமிஷத்துக்கு 8 லிட்டர், புதுசுல 20 லிட்டர். பாதிக்கும் மேல தண்ணிய அந்த கட்டைவிரல் உருளை முழுங்கிட்டு இருந்திருக்கு. இந்த ஒரு விஷயத்துக்கே ரெகுலேட்டருக்கு மூணு ஸ்டார் எழுதிட்டேன்னு வச்சுக்கோங்க, வெற்றிக்களிப்புல ஹோஸ மாட்டிட்டு பொண்ண கூப்ட்டு ஷவர திறக்கச் சொன்னேன்.

"அப்பா, அதே மாதிரிதான்ப்பா இருக்கு."

நம்பாம நானே உள்ள போய் பாத்தேன். அதேதான். மனைவி ஒண்ணும் சொல்லல, பெட்டிய மட்டும் எடுத்து பத்திரமா வச்சாங்க, திருப்பி அனுப்ப வேண்டி வந்தா இருக்கட்டும்னு.

கோவத்தோட வெளிய வந்து குழாய்கிட்ட நின்னப்பதான் கேஜ பாத்தேன். உள்ள ஷவர் முழுசா திறந்திருக்கு, சிங்க்கும் திறந்திருக்கு, ஆனா முள் 48ல நிக்குது. மூடியிருந்தா 50. ரெண்டு குழாய் முழுசா திறந்தும் ரெண்டே பிஎஸ்ஐதான் இறங்கியிருக்கு. பத்து நிமிஷம் முன்னாடி இதே ரெகுலேட்டர்ல பக்கெட்டுக்கு தண்ணி விட்டப்ப முள் 15க்கு கீழ படுத்திருந்துச்சு. அப்போதான் உறைச்சுது, முள் இறங்கலன்னா பிரஷர் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல, தண்ணி ஓடலன்னு அர்த்தம். ஓடுனா இறங்கணும். தண்ணி ரெகுலேட்டர தாண்டி ஹோஸ தாண்டி எங்கயோ வாசல்ல க்யூவுல நிக்குது.

இந்த முள்ளுக்குத்தான் நாலாவது ஸ்டார். பழைய உருளைல இது தெரிய வாய்ப்பே இல்ல.

அடுத்த டெஸ்ட் எனக்கே அப்போதான் தோணுச்சு, இத மொதல்லயே செஞ்சிருந்தா ரெகுலேட்டரே வாங்கியிருக்க மாட்டேனோ என்னவோ. வெளிக்குழாய மூடிட்டு, ட்ரெய்லர் உள்ள நல்லதண்ணி சேத்து வைக்கற ஃப்ரெஷ் டேங்க்ல இருக்கற தண்ணிய 12 வோல்ட் பம்ப் போட்டு ஷவர திறந்தேன். நல்லா வருது! பம்ப்போட பிரஷர் இதவிட பெருசு ஒண்ணும் இல்ல, 55ல கட் ஆகற சாதாரண டயாஃப்ரம் பம்ப்புதான், ஆனாலும் ஷவர் ஜம்முனு வருது. இதுக்கு என்ன அர்த்தம்னா, பம்ப் தண்ணியும் வெளித்தண்ணியும் உள்ள T எழுத்து மாதிரி இருக்கற ஒரு டீ ஜாயின்ட்ல வந்து சேருது, அதுக்கப்புறம் ரெண்டுக்கும் ஒரே பைப்புதான், ஒரே ஷவர்தான். பம்ப்ல நல்லா வந்து வெளிக்குழாய்ல மட்டும் வரலன்னா, ஷவர்ஹெட்ட கழட்டி வினிகர்ல ஊறப்போடற வேலையெல்லாம் வேண்டாம், கோளாறு அந்த டீக்கு முன்னாடி, அதாவது ட்ரெய்லர் சுவத்துல ஹோஸ் மாட்டற வாய்ல இருந்து அந்த டீ வரைக்கும் இருக்கற ரெண்டு மூணு அடிக்குள்ள. ரெண்டுலயுமே மோசமா வந்தா மட்டும் ஷவர்ஹெட், குழாய் நுனில இருக்கற ஏரேட்டர் சல்லடை, அந்தப் பக்கம் போங்க. ஒரே ஒரு குழாய்ல மட்டும் மோசம்னா அந்தக் குழாயோடயே நின்னுக்கோங்க, கண்டத பிரிக்காதீங்க.

ஹோஸ கழட்டிட்டு அந்த வாய்க்குள்ள டார்ச் அடிச்சேன். உள்ள ஒரு ரப்பர் வாஷர், அதோட நடுவுல குவிஞ்ச மாதிரி ஒரு கம்பி சல்லடை, அதுக்கும் பின்னாடி பிளாஸ்டிக்ல செக் வால்வு, அதாவது தண்ணிய ஒரே பக்கமா மட்டும் விடற வால்வு. அந்த சல்லடைய முதல் பார்வைல சல்லடைன்னே தெரியல, பழுப்பு கலர்ல ஒரு மூடி போட்ட மாதிரி இருந்துச்சு. கூர்மூக்கு பிளையர விட்டு வாஷரோட ஓரத்த புடிச்சு மெதுவா இழுத்தேன், சல்லடைய புடிச்சு இழுத்தா பிஞ்சுடும். வெளிய வந்தத வெள்ளைத் தட்டுல தட்டுனா நைஸ் மணலு, வெள்ளை வெள்ளையா உப்புப் பொடுக்கு, கருப்பா ரப்பர் தூள், அது ஹோஸோட பழைய வாஷர் மக்கி வந்தது. கூடவே நகம் வெட்டுன துணுக்கு மாதிரி சுருண்ட ஒரு பிளாஸ்டிக் சீவல், அது எங்க இருந்து வந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் புரியல, ட்ரெய்லர் உள்ள இருக்கற பெக்ஸ் (ஒரு வகை பிளாஸ்டிக்) பைப்ப அறுத்தா வர்ற சீவல் மாதிரிதான் இருந்துச்சு ஆனா அது வாய்க்கு வெளிப்பக்கம் எப்படி வரும். பொண்ணு தட்ட பாத்துட்டு "இதத்தான் நம்ம குடிச்சோமா"ன்னா. இல்லம்மா, இதத்தான் குடிக்காம தடுத்துச்சுன்னேன், அவ ஒத்துக்கல.

பழைய டூத்பிரஷ்ல தேய்ச்சு கழுவி, உப்பு போகாத இடத்துக்கு கொஞ்ச நேரம் வினிகர்ல போட்டு மறுபடி வச்சேன். அப்படியே செக் வால்வ ஒரு குச்சியால மெல்ல அழுத்திப் பாத்தேன், உள்ள போய் திரும்பி வந்துச்சு, அது ஓகே. முக்கியமா, அத அழுத்தறதுக்கு முன்னாடி உள்ள ஒரு குழாய திறந்து பிரஷர இறக்கிடுங்க, இல்லனா மூஞ்சில அடிக்கும். எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க.

ஹோஸ மாட்டி திறந்ததும் ஷவர்ல இருந்து ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, அந்த சத்தத்த நான் அந்த ட்ரெய்லர்ல கேட்டதே இல்ல. வெளிய போய் முள்ள பாத்தா 41. ரெண்டு குழாய் திறந்தா 33. முன்னாடினா பதறியிருப்பேன், ஐயோ இறங்குதேன்னு, இப்போ அத பாத்து சிரிக்கறேன்.

ஆனா கிணறு வெட்ட பூதம் கிளம்புன கதையா, பச்சத்தண்ணி நல்லா வந்ததும்தான் சுடுதண்ணி மோசம்னு தெரிஞ்சுது. முன்னாடி ரெண்டுமே மோசமா இருந்ததால வித்தியாசமே தெரியல. எல்லா குழாய்லயும் சுடுதண்ணி மட்டும் பாதி. எல்லாத்துலயும்னா குழாய் மேல தப்பு இல்ல, ஹீட்டர் மேலதான். ஹீட்டரோட சுடுதண்ணி வெளிய வர்ற வாய்ல சின்னதா ஒரு பிளாஸ்டிக் செக் வால்வு இருக்கும், அது பாதி திறந்த நிலைல மாட்டிக்கறது ட்ரெய்லர்கள்ல அடிக்கடி நடக்கறது, உப்பு படியும் இல்லனா உள்ள இருக்கற துண்டு ஒடைஞ்சு குறுக்க நிக்கும். எனக்கு உப்பு. ஹீட்டர அணைச்சு, தண்ணி ஆறவிட்டு, பிரஷர இறக்கிட்டு அத மாத்துனேன், பித்தளைல போட்டேன். இது ரெகுலேட்டர் ரிவ்யூல ஏன்னு கேட்டா, இதையும் காட்டிக் குடுத்தது அதே முள்தான், பச்சத்தண்ணி திறந்தா 41, சுடுதண்ணி திறந்தா 47, அவ்ளோதான் விஷயம், எது ஓடலங்கறது வெளிய நின்னே தெரிஞ்சுடுது. சுடுதண்ணி நல்ல வேகமா வந்து ஆனா வெதுவெதுன்னு இருந்தா அது வேற கேஸு, குளிர்காலத்துக்கு மூடி வைக்கறப்ப திருப்புன பைபாஸ் வால்வ (தண்ணிய ஹீட்டருக்குள்ள விடாம சுத்திவிடறது) திரும்ப சரியா திருப்பலன்னு அர்த்தம், அதுக்கு ரெகுலேட்டர் ஒண்ணும் காட்டாது.

இது காட்டாத இன்னொண்ணு தண்ணி ஃபில்டர். ஃபில்டர் ரெகுலேட்டருக்கு அப்புறம்தான் மாட்டணும், இல்லனா அந்த 85ம் பாவம் ஃபில்டர் ஹவுசிங்தான் வாங்கும். ஆனா அப்படி மாட்டுனா ஃபில்டர் அடைச்சாலும் முள் அசையாமத்தான் நிக்கும், வாய் சல்லடை அடைச்சாலும் முள் அசையாமத்தான் நிக்கும், எதுன்னு தெரியாது. ஃபில்டர் கேட்ரிட்ஜ வெளிய எடுத்துட்டு ஒரு தடவ ஓடவிட்டு பாக்கறதுதான் சுலபம். நைஸ் கார்பன் பிளாக் ஃபில்டர் போடறவங்க கவனிங்க, மைக்ரான் (ஃபில்டர் ஓட்டையோட அளவு) குறைய குறைய புதுசா இருக்கறப்பவே ஃப்ளோவ தின்னும்.

ஒரு மதியம் நடந்தது. எல்லாரும் வெளிய போயிட்டு வந்தோம், நல்ல வெயில், நான் சும்மா கேஜ பாத்தேன், 78! செட் பண்ணது 50. ரெகுலேட்டர் போச்சு, ட்ரெய்லர் உள்ள பைப் வெடிச்சிருக்கும்னு ஓடி உள்ள போய் சிங்க் குழாய திறந்தா ஒரே செகண்ட்ல முள் 48க்கு வந்துடுச்சு. மூடுனேன், 50. அப்படியே நிக்குது. என்ன ஆச்சுன்னா, ரெகுலேட்டர் ஒரு பக்கம் மூடியிருக்கு, ட்ரெய்லர் வாய் செக் வால்வு மறுபக்கம் மூடியிருக்கு, நடுவுல ஹோஸ் வெயில்ல கிடக்கு, உள்ள மாட்டிக்கிட்ட தண்ணி சூடாகி விரிய இடம் இல்லாம அழுத்தம் ஏறியிருக்கு. இது கோளாறு இல்ல. கோளாறு எப்படி இருக்கும்னா, ராத்திரி, வெயில் கிடையாது, எல்லா குழாயும் மூடியிருக்கு, அப்பவும் முள் 50ல இருந்து 55, 60, 70ன்னு மெதுவா ஊர்ந்து குழாய் பிரஷர் வரைக்கும் போனா, உள்ள வால்வு உக்கார்ற இடத்துல மண்ணு மாட்டியிருக்கு, மூடல, அப்போ கழட்டி சுத்தம் பண்ணுங்க இல்லனா மாத்துங்க. நான் ரெண்டு ராத்திரி எழுந்து போய் டார்ச் அடிச்சு பாத்தேன், நகரல. ரெண்டாவது ராத்திரி மனைவி, "என்னங்க, அது குழந்தையா, போய் போய் பாக்கறீங்க"ன்னாங்க.

இதே மாதிரி ஹீட்டர் சூடாகறப்ப ட்ரெய்லர் உள்ளயும் பிரஷர் ஏறும், ஆனா அத இந்த கேஜ் காட்டாது, நடுவுல செக் வால்வு இருக்கே. ஹீட்டர் ரிலீஃப் வால்வுல (அழுத்தம் மிஞ்சினா தண்ணிய வெளிய விடறது) லேசா சொட்டுனா உடனே ரெகுலேட்டர திட்டாதீங்க.

பேராசை பட்ட கதையும் சொல்லிடறேன். ஷவர் நல்லா வந்ததும் இன்னும் நல்லா வரட்டுமேன்னு 60க்கு மேல ஏத்துனேன், 63, 64 இருக்கும். பெக்ஸ் பைப் தாங்கும்னு தைரியம், 23 டிகிரில 160 பிஎஸ்ஐ, 82 டிகிரில 100 பிஎஸ்ஐன்னு அதுலயே ரேட்டிங் போட்டிருக்கு. பைப் தாங்குச்சு. டாய்லெட் பின்னாடி இருக்கற பிளாஸ்டிக் நட்டு தாங்கல. மறுநாள் காலைல கால் வச்சா தரை ஈரம், கைய விட்டு தடவுனா நட்டுக்கு கீழ ஒரு சொட்டு உருண்டு விழ காத்துட்டு நிக்குது. நட்ட கால் சுத்து இறுக்கி, ரெகுலேட்டர 50க்கு இறக்குனேன், நின்னுடுச்சு. இத்தனைக்கும் ஷவர்ல 50க்கும் 64க்கும் எனக்கு பெரிய வித்தியாசம் தெரியல.

யாருக்கு இது வேண்டாம்னும் சொல்லணும். நீங்க பெரும்பாலும் கனெக்ஷன் இல்லாத இடத்துல நிறுத்தி டேங்க் தண்ணில ஓட்டறவங்கன்னா இது உங்க ஷவருக்கு ஒண்ணுமே பண்ணாது, பம்ப் தண்ணி இது வழியா போறதே இல்ல. நீங்க பாக்க வேண்டியது பம்ப்புக்கு முன்னாடி இருக்கற ஸ்ட்ரெய்னர் கிண்ணம், அதுல சல்லடை அடைச்சிருக்கா, மூடி இறுக்கமா இருக்கா, காத்து இழுத்தா தண்ணி துப்பி துப்பி வரும், பேட்டரி வோல்டேஜ் இறங்கியிருந்தா பம்ப் சோம்பேறித்தனமா சுத்தும். யாரும் குழாய் திறக்காதப்ப பம்ப் அப்பப்போ டுர்ருன்னு ஓடி நின்னா எங்கயோ ஒழுகுது, இல்லனா பம்ப் உள்ள இருக்கற செக் வால்வு விடுது. கேம்ப்கிரவுண்ட் குழாய்லயே 35தான் வருதுன்னாலும் இதால பிரயோஜனம் இல்ல. காலைல எல்லாரும் ஒரே நேரத்துல குளிக்கறப்ப சில இடத்துல அப்படி இறங்கும், அப்போ கேஜ்ல 50க்கு பதில் 35 காட்டும், குழாய் மூடியிருந்தும் 35னா அது அவங்க பிரச்சனை, உங்க பிரச்சனை இல்ல, டேங்க்க முன்னாடி நாளே நிரப்பி வச்சுட்டு பம்ப்ல குளிச்சுட்டு போங்க.

இப்போ ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன். மொத குறை, கேஜ் திரும்பி நிக்கற திசை. குழாய்ல இறுக்கி முடிக்கறப்ப கேஜ் எந்தப் பக்கம் பாக்கும்ங்கறது உங்க ராசி. எனக்கு பெரும்பாலும் தரைய பாக்குது, இல்லனா வேலிய பாக்குது, மண்டி போட்டு தலைய சாய்ச்சு பாக்கணும். ரெண்டாவது, நான் சொன்ன கனம். செங்குத்தா நிக்கற குழாய்ல இத மாட்டி, அதுக்கு கீழ தண்ணி நிரம்புன ஹோஸ் தொங்குனா, மொத்த பாரமும் அந்த குழாய் கழுத்துல. ஒரு எல்போ (முழங்கை மாதிரி வளைஞ்ச இணைப்பு) வாங்கி போட்டதும் ஹோஸ் நேரா கீழ இறங்குது, மடங்கறதும் இல்ல. எல்போவ இவங்களே பெட்டில போட்டிருக்கலாம். மூணாவது, கேஜ் துல்லியம். என் தனி கேஜோட வச்சு பாத்தா இது 4 பிஎஸ்ஐ கூட காட்டுது, எப்பவும் அதே 4தான், அதனால நான் மனசுல கழிச்சுக்கறேன், ஆனா புதுசா வாங்குன சாமான்ல மனக்கணக்கு எதுக்கு. கேஜ் திருகுற இடத்துல மொத நாளே லேசா கசிஞ்சுது, அந்த டெஃப்ளான் டேப்ப எதுக்கு குடுத்தாங்கன்னு அப்போ புரிஞ்சுது.

குளிர்ல இத வெளிய விட்டுடாதீங்க. உள்ள நிக்கற தண்ணி உறைஞ்சா டயாஃப்ரம் போச்சு, வெளிய பாக்க நல்லா இருக்கும், மறுநாள் 85ஐ அப்படியே உள்ள விடும். நான் உறைபனி வரும்னு தெரிஞ்ச ராத்திரி கழட்டி, தலைகீழா பிடிச்சு உதறி தண்ணிய வடிச்சு உள்ள எடுத்து வச்சுடறேன். கழட்டறப்ப சல்லடை வாஷர் குழாய்லயே ஒட்டிக்கிட்டு நின்னுடும், அத விரலால தடவிப் பாத்து எடுங்க, நான் அப்படி ஒண்ண தொலைச்சிருக்கேன்.

ஒரு தடவ மொத்த ரெகுலேட்டரையும் குழாய்லயே விட்டுட்டு கிளம்பிட்டோம், அரைமணி நேரம் போனப்புறம் பொண்ணுதான் பின்னாடி சீட்ல இருந்து, "அப்பா, அந்த முள்ளு எடுத்தியா?"ன்னா. திரும்பிப் போனோம். நல்லவேளை, அங்க அடுத்து வந்தவங்க இன்னும் ஹோஸ் மாட்டல, அது தரைய பாத்துட்டு தொங்கிட்டு இருந்துச்சு.